மார்செல்லஸ் எரிவாயுக் குத்தகைக் காலம்: நிலக்காரருக்கும் ரிக் தொழிலாளிக்கும் இடையே இருந்த நட்பு

பாறைப்படிவு (இழையைத் தொடங்கியவர்)

பென்சில்வேனியாவின் வடகிழக்கு மூலையில் உள்ள சஸ்குவஹானா, பிராட்ஃபோர்டு கவுண்டிகளில் 2006இல் தொடங்கி 2012 வரை, நிலக்காரர்கள் தங்கள் நிலத்துக்கு அடியில் உள்ள எரிவாயுவை எடுக்கும் உரிமையை நிறுவனங்களுக்கு எழுதிக்கொடுத்த எரிவாயுக் குத்தகை அலையைப் பற்றித் தமிழில் எழுதப்படுவதெல்லாம் பெரும்பாலும் நிலத்தடி நீர் கெட்டதைப் பற்றியோ எரிவாயு விலையைப் பற்றியோதான் இருக்கிறது. இரண்டும் பேசப்பட வேண்டியவையே. ஆனால் அந்த ஆண்டுகளில் பிராட்ஃபோர்டு கவுண்டியின் ரிக்குகளில் (துளையிடும் இயந்திரத் தளங்களில்), துளையிலிருந்து சேற்றோடு மேலே வரும் பாறைத்துகளைக் கழுவிப் பார்த்துப் பதிவு செய்யும் வேலையில் இருந்த எனக்கு, அங்கே மனிதர்களுக்குள் நேர்ந்த மாற்றமே அதிகமாக நினைவில் நிற்கிறது. அதை இங்கே விவாதிக்க விரும்புகிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பால் பண்ணைகளும் நீலக்கல் குவாரிகளும் நிறைந்த மேட்டுநிலம் அது. 2008 ஜனவரியில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டெர்ரி எங்கல்டரும் நியூயார்க் மாநிலத்தின் கேரி லாஷும், மார்செல்லஸ் ஷேல் பாறையிலிருந்து சுமார் 50 டிரில்லியன் கன அடி எரிவாயுவை எடுக்க முடியும் என்று மதிப்பிட்டு அறிவித்தார்கள். அதற்கு முன்பே, 2006இல், குத்தகைத் தரகர்கள் சஸ்குவஹானா கவுண்டியின் டிமாக் பகுதியில் ஏக்கருக்கு 25 டாலர் முன்பணம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2008 கோடையில் அந்த வட்டாரத்தில் குத்தகை முன்பணம் ஏக்கருக்கு 2,000, 2,500 டாலர் என்று போயிற்று. அதற்கடுத்து 5,000 டாலரைத் தாண்டிய ஒப்பந்தங்களும் எழுதப்பட்டன. 100 ஏக்கர் வைத்திருந்த ஒருவர் முந்திக் கையெழுத்திட்டு 2,500 டாலர் பெற்றிருக்க, வேலிக்கு அந்தப் பக்கம் அதே அளவு நிலம் வைத்திருந்தவர் இரண்டு ஆண்டுகள் பொறுத்திருந்த ஒரே காரணத்தால் 2,50,000 டாலர் பெற்றார். 2009இல் பால் விலை சரிந்து பல பண்ணைகள் கடனில் தத்தளித்த நேரத்தில் இது நடந்தது.

அந்தச் சூழலுக்குள்தான் டெக்சாஸ், ஒக்லஹோமா, லூசியானா மாநிலங்களிலிருந்து தொழிலாளர்கள் வந்து இறங்கினார்கள். ஷிப்டுக்கு 12 மணி நேர வேலை. இரண்டு வாரம் ரிக்கில், இரண்டு வாரம் சொந்த ஊரில். அவர்களுக்கும் நிலக்காரர்களுக்கும் இடையே நான் எதிர்பாராத அளவுக்கு நட்பு வளர்ந்தது. தக்காளி விளைந்தால் கூடை நிறையக் கொண்டுவந்து ரிக்கின் வாயிற்காவலரிடம் கொடுத்துவிட்டுப் போகும் மூதாட்டிகள் இருந்தார்கள். பனி கொட்டிய காலைகளில், எரிவாயுக் கிணற்றுத் தளத்துக்குப் போகும் பாதையைச் சுத்தம் செய்ய வந்த இயந்திரக்காரர், யாரும் கேட்காமலே பண்ணை வீட்டின் வாசலையும் மாட்டுக்கொட்டகை முகப்பையும் வழித்துவிட்டுப் போவார்.

அதே நிலக்காரர்கள், மூன்று தலைமுறையாக அறுவடைக்கு மாறி மாறி உதவிக்கொண்ட பக்கத்துப் பண்ணைக்காரரோடு பேச்சை நிறுத்தியிருந்தார்கள். ஏன்? என் கருத்து இதுதான்: வெளியூர்த் தொழிலாளியின் கூலியை நிலக்காரர் தம் வருமானத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவே இல்லை. பக்கத்து நிலத்துக்காரரின் தொகையை ஒப்பிடாமல் இருக்க அவரால் முடியவில்லை. அங்கே நட்பைத் தீர்மானித்தது பழக்கத்தின் வயதைவிட இந்த ஒப்பீடுதான் என்று நினைக்கிறேன். உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

சேயர் மருத்துவர்

நல்ல இழை, ஐயா. அதே கவுண்டியில் அதே காலத்தில் மருத்துவராகப் பணிபுரிந்தவள் நான். நீங்கள் சொன்ன நட்புகளை நானும் பார்த்தேன். அவசரப் பிரிவுக்கு வரும் ரிக் தொழிலாளிக்குப் பக்கத்தில், மனைவி, அண்ணன் தம்பி என்று யாரும் ஆயிரம் மைல் சுற்றளவில் இல்லாத நிலையில், அவன் வேலை பார்த்த நிலத்தின் சொந்தக்காரரோ அவருடைய மனைவியோ வந்து உட்கார்ந்திருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அது பொய்யான அன்பாக எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

ஆனால் உங்கள் படத்தில் ஒரு தரப்பினர் விடுபட்டிருக்கிறார்கள். நிலமும் இல்லாமல், ரிக் வேலையும் கிடைக்காமல், வாடகை வீட்டில் இருந்தவர்கள். டொவாண்டாவிலும் சேயரிலும் வீட்டு வாடகை இரண்டு மடங்காகவும் அதற்கு மேலும் ஏறியது. நிறுவனங்கள் தங்கள் ஆட்களுக்காக மொத்தமாக வீடுகளை எடுத்தபோது, பல ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருந்த முதியவர்களும் தனியாகப் பிள்ளை வளர்த்த பெண்களும் வெளியேற வேண்டியதாயிற்று. அந்தப் பெண்கள் உணவகங்களில் பரிமாறியதும் இதே தொழிலாளர்களுக்குத்தான். நல்ல இனாம் கொடுத்தவர்களும் அவர்களே. அவர்களை வெறுக்கவும் முடியாமல், அவர்கள் வந்ததால் இழந்த வீட்டை மறக்கவும் முடியாமல் தவித்தவர்களின் கதைகளை என் அறையில் நிறையக் கேட்டேன். நிலக்காரரும் தொழிலாளியும் நண்பர்களானார்கள் என்று சொல்லும்போது, அந்த நட்புக்கு வெளியே நின்றவர்களையும் நாம் கணக்கில் எடுக்க வேண்டும்.

இன்னொன்று. நிலக்காரர் ஒரு கூட்டம், தொழிலாளி இன்னொரு கூட்டம் என்று முழுவதுமாகப் பிரிக்க முடியாது. முதல் ஓராண்டு போனதும் உள்ளூர்ப் பண்ணைகளின் பிள்ளைகளே கனரக ஓட்டுநர் உரிமம் எடுத்துத் தண்ணீர் லாரி ஓட்டப் போனார்கள். ஒரு கிணற்றில் விரிசல் முறையை, அதாவது நீரின் அழுத்தத்தால் பாறையைப் பிளந்து வாயுவை வெளியேற்றும் முறையைக் கையாள 30 லட்சம் முதல் 50 லட்சம் கேலன் வரை தண்ணீர் தேவைப்பட்டது. அதைக் கொண்டுவர லாரிகள் நூற்றுக்கணக்கான தடவை போய் வர வேண்டும். அதிகாலை மூன்று மணிக்குப் பால் கறந்துகொண்டிருந்த பையன், அதே மூன்று மணிக்கு லாரியில் இருந்தான். அப்பா ராயல்டி (எரிவாயு விளைச்சலில் பங்கு) வாங்குபவர், மகன் கூலி வாங்குபவன் என்ற குடும்பங்கள் அங்கே சாதாரணம்.

நிலச்சட்டம்

இருவரும் எழுதியதை ஆர்வத்தோடு படித்தேன். நான் அந்த மாநிலத்தில் நிலப்பத்திரங்களைத் தேடிப் பார்க்கும் பணியில் இருந்தவன். குத்தகைப் பத்திரத்தில் என்ன எழுதியிருந்தது என்பதைப் பார்க்காமல் இந்த நட்புகளையும் பகைகளையும் புரிந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம்.

பென்சில்வேனியாவில் 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி எட்டில் ஒரு பங்குக்குக் குறைந்த ராயல்டி கொடுத்து எழுதப்படும் எரிவாயுக் குத்தகை செல்லாது. முதலில் கையெழுத்திட்டவர்களில் பெரும்பாலோர் அந்தக் குறைந்தபட்ச அளவான 12.5 விழுக்காட்டோடு நின்றார்கள். பின்னால் வந்தவர்களில் சிலர் 18, 20 விழுக்காடு வரை பேசி வாங்கினார்கள். ஒரு கிணற்று அலகு, அதாவது ஒரே கிணற்றின் விளைச்சலைப் பகிர்ந்துகொள்ளும் நிலத்தொகுதி, சுமார் 640 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 100 ஏக்கர் உள்ளவருக்கு 12.5 விழுக்காட்டில் கிடைப்பது மொத்த விளைச்சலில் ஏறக்குறைய 2 விழுக்காடு. 20 விழுக்காடு பேசியவருக்கு 3 விழுக்காட்டுக்கு மேல். ஒரே துளையிலிருந்து, ஒரே மாதத்தில், ஒரே அளவு நிலத்துக்கு இரண்டு வேறு காசோலைகள். குத்தகையின் ஐந்தாண்டுக் காலம் முடிந்ததும் புதிதாகப் பேசலாம் என்றால் அதுவும் முடியாது. அதற்குள் எங்கோ ஒரு மூலையில் துளையிட்டு எரிவாயு வந்துவிட்டால், வரும் காலம் முழுவதும் பழைய நிபந்தனையே தொடரும்.

இவற்றோடு, தொகையை வெளியில் சொல்லக்கூடாது என்ற நிபந்தனை பல ஒப்பந்தங்களில் இருந்தது. கவுண்டிப் பதிவகத்தில் பதிவாவது பெரும்பாலும் ஒரு சுருக்கக் குறிப்பு மட்டுமே. தொகை அதில் இராது. பால் விலை, வைக்கோல் விலை, மாட்டு வைத்தியச் செலவு என்று எல்லாவற்றையும் வெளிப்படையாகப் பேசிப் பழகிய அண்டைவீட்டார், முதன்முறையாக ஒருவரிடம் ஒருவர் மறைக்க வேண்டிய நிலைக்கு வந்தார்கள். பாறைப்படிவு அவர்கள் சொல்லும் ஒப்பீடு உண்மைதான். ஆனால் அந்த ஒப்பீட்டை இத்தனை கசப்பாக்கியது இந்த மௌனம் என்று சொல்வேன். தெரிந்த தொகையை மனம் எப்படியாவது செரித்துக்கொள்ளும். தெரியாத தொகை நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டே போகும்.

ரிக் தொழிலாளிக்கும் நிலக்காரருக்கும் இடையே எந்தப் பத்திரமும் இல்லை. ஆகவே மறைக்கவும் ஒன்றும் இல்லை. அந்த நட்பு இயல்பாக வளர்ந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

குத்தகைத் தரகரின் கதை வேறு. அவரும் சமையலறை மேசையில் உட்கார்ந்தார், காபி குடித்தார், பேரப்பிள்ளைகளின் பெயரைக் கேட்டு நினைவில் வைத்துக்கொண்டார். சிலர் உள்ளபடியே நல்லவர்கள். இருந்தாலும் கையெழுத்து விழுந்த நாளோடு அவருடைய வேலை அந்த வீட்டில் முடிந்துவிட்டது. 'உங்கள் பக்கத்து வீட்டார் எல்லோரும் போட்டுவிட்டார்கள், நீங்கள் மட்டும்தான் பாக்கி' என்ற ஒரு வாக்கியத்தை எத்தனை பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

எண்டிகாட்வாசி

நான் எல்லைக்கு இந்தப் பக்கம், நியூயார்க் மாநிலத்தின் பிரூம் கவுண்டியில் இருப்பவன். பாறைப்படிவு அவர்களின் முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை. பணம் வந்ததும் அண்டைவீட்டார் பிரிந்தார்கள் என்பது ஒரு பாதிதான். குத்தகைக் காலத்தில்தான் பல அண்டைவீட்டார் முதன்முறையாக ஒன்றுசேர்ந்தார்கள்.

2008இலிருந்து எல்லையின் இருபுறமும் நிலக்காரர் கூட்டணிகள் உருவாயின. தனித்தனியாகத் தரகரைச் சந்தித்தால் ஏமாந்துபோவோம் என்பதைப் புரிந்துகொண்டு, பள்ளிக்கூட அரங்குகளிலும் தீயணைப்புத் தன்னார்வலர் கூடங்களிலும் கூடி, நிலங்களை ஒரே பட்டியலில் சேர்த்து, ஒரே வழக்கறிஞரை அமர்த்தி, ஒரே விலை பேசினார்கள். பென்சில்வேனியாவில் ஏக்கருக்கு 5,000 டாலருக்கு மேல் வாங்கிக் கொடுத்தவை இத்தகைய கூட்டணிகள்தான். ஒரே சாலையில் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தும் கையசைப்பதோடு நிறுத்திக்கொண்டவர்கள் அந்தக் கூட்டங்களில்தான் நண்பர்களானார்கள். எல்லோருக்கும் ஒரே தொகை, எல்லோருக்கும் தெரிந்த தொகை என்றால் பகைக்கு இடமே இல்லை. ஆகவே பிரித்தது பணமும் அன்று, ஒப்பீடும் அன்று. தனித்தனியாகப் பேரம் பேச வைத்த முறைதான்.

எங்கள் மாநிலத்தில் 2008 கோடையிலேயே அனுமதிகள் நிறுத்தப்பட்டு, 2014 டிசம்பரில் விரிசல் முறைக்குத் தடையே அறிவிக்கப்பட்டது. கூட்டணியில் இருந்த என் நண்பர்கள் பலர் ஒரு டாலர்கூடப் பார்க்கவில்லை. பண்ணையை விற்றுவிட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள். தடையை வரவேற்றவர்களோடு அவர்களுக்கு வந்த மனக்கசப்பு, எல்லைக்கு அப்பால் பணம் வாங்கியவர்களிடையே வந்ததைவிடக் குறைவானதில்லை. எனக்கு இரு பக்கத்திலும் நண்பர்கள் உண்டு. இரு பக்கமும் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று சொன்னதற்காகவே இரு பக்கமும் என்னிடம் கோபித்துக்கொண்டார்கள்.

பாறைப்படிவு

எண்டிகாட்வாசி அவர்களின் வாதம் வலுவானது. கூட்டணிகள் இருந்த சாலைகளில் பேச்சு நிற்கவில்லை என்பதை நானும் ஏற்கிறேன். ஆனாலும் கூட்டணிக்குள் வந்தவர்கள் பொறுத்திருக்க முடிந்தவர்கள். 25 டாலருக்குக் கையெழுத்திட்டவர்களுக்கு அந்தக் கதவு முன்பே மூடியிருந்தது. அவர்கள் கூட்டத்துக்குப் போனாலும் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வர வேண்டியதுதான்.

'மறைக்க ஒன்றும் இல்லை' என்று நிலச்சட்டம் அவர்கள் எழுதியதற்கு மட்டும் மறுப்பு சொல்ல வேண்டும். எங்களிடம் மறைக்க ஒன்று இருந்தது. அது கிணறு.

துளை இறங்கிக்கொண்டிருக்கும்போது மேலே வரும் சேற்றில் எவ்வளவு வாயு கலந்திருக்கிறது என்பதை எங்கள் கொட்டகைக்குள் இருந்த கருவி நிமிடத்துக்கு நிமிடம் வரைந்துகொண்டே இருக்கும். ஐயாயிரம் அடிக்குக் கீழே மார்செல்லஸ் படிவத்தைத் தொட்டதும் துகளின் நிறம் சாம்பலிலிருந்து கறுப்புக்கு மாறும். விரலில் தேய்த்தால் கரி போல ஒட்டும். திரையில் கோடு மேலே ஏறும். அந்த நிலத்தின் சொந்தக்காரர், எழுபது வயதைக் கடந்தவர், பெரும்பாலான மாலைகளில் தம் பழைய பிக்கப் வண்டியில் வந்து வேலிக்கு வெளியே நிற்பார். வீட்டில் காய்ச்சிய மேப்பிள் பாகு, சில நாள் மான் இறைச்சி, சில நாள் வெறும் பேச்சு. ஒரு மாலை, 'தம்பி, என் நிலத்துக்கு அடியில் ஏதாவது இருக்கிறதா?' என்று கேட்டார். சற்று நேரத்துக்கு முன்தான் திரையில் அந்தக் கோடு ஏறியதைப் பார்த்துவிட்டு வெளியே வந்திருந்தேன். கிணற்றைப் பற்றிய எதையும் நிலக்காரர் உட்பட யாரிடமும் சொல்லக்கூடாது என்பது எங்கள் வேலை ஒப்பந்தத்தின் முதல் நிபந்தனை. சொன்னால் அன்றே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 'அதைப் பற்றி நான் பேசக்கூடாது, ஐயா' என்றேன். அவர் சற்று நேரம் ரிக்கையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'உன்னை இக்கட்டில் வைத்துவிட்டேன்' என்று சொல்லிப் பேச்சை மாட்டுக்குத் திருப்பினார். அதற்குப் பிறகு அவர் ஒருமுறைகூட அதைக் கேட்கவில்லை; வருவதையும் நிறுத்தவில்லை.

அவருக்குச் சொந்தமான ஒன்றைப் பற்றி அவரைவிட எனக்கு அதிகம் தெரிந்திருந்தது. எனக்கு அதில் ஒரு காசு பங்கும் கிடையாது. அந்த ஏற்றத்தாழ்வை இருவரும் அறிந்துகொண்டு, அதைத் தொடாமல் பழகியதால்தான் அந்த நட்பு நின்றது என்று நினைக்கிறேன்.

ரிக் தொழிலாளர்களிடம் இன்னொரு வகை உதவியும் இருந்தது. டெக்சாஸ்காரர்களில் சிலர் தாமே குத்தகைக்கு விட்ட குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். ஃபோர்ட் வொர்த் நகரத்துக்கு அடியிலிருக்கும் பார்னெட் ஷேலில் 2008இல் முன்பணம் ஏக்கருக்கு 25,000 டாலர்வரை உயர்ந்து, அதே ஆண்டின் இறுதியில் சரிந்ததைத் தங்கள் சொந்தத் தெருவில் பார்த்தவர்கள். குறிப்பிட்ட கிணற்றைப் பற்றி வாய் திறக்காவிட்டாலும், பொதுவாக எப்படி நடக்கும் என்பதை அவர்கள் தாராளமாகச் சொன்னார்கள்: முதல் ஆண்டிலேயே விளைச்சல் பாதிக்கு மேல் விழுந்துவிடும், முதல் காசோலையைப் பார்த்துப் புது டிராக்டருக்குக் கடன் வாங்காதே, வரிக்கு எடுத்து வை. எந்தத் தரகரும் சொல்லாத அந்த வார்த்தையைக் கேட்டுத் தப்பித்த பண்ணைகள் உண்டு.

மன்னார்குடி வாசகி

நான் காவிரி டெல்டாவில் விவசாயம் செய்பவள். உங்கள் விவாதத்தைப் படிக்கும்போது எங்களுக்கும் அங்கிருப்பவர்களுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது. இங்கே நிலத்துக்கு அடியில் இருக்கும் எண்ணெயும் எரிவாயுவும் நில உரிமையாளருக்குச் சொந்தமில்லை, அரசுக்குச் சொந்தம். கிணறு அமைக்கும் இடத்துக்கு மட்டும் வாடகை கிடைக்கும், விளைச்சலில் பங்கு கிடையாது. 2017இல் நெடுவாசல் மக்கள் நூறு நாளுக்கு மேல் ஒன்றாக உட்கார்ந்து போராட முடிந்ததற்கு, ஒருவருக்கு அதிகம் ஒருவருக்குக் குறைவு என்ற நிலையே இல்லாதது ஒரு காரணமாக இருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. இங்கே கிணற்றுத் தளத்துக்கு வரும் தொழிலாளர்கள் ஊராருடன் இந்த அளவுக்குப் பழகி நான் பார்த்ததில்லை; ஊரார் பார்வையில் அவர்கள் அரசின் ஆட்களாகவே இருந்தார்கள்.

என் கேள்வி ஒன்றுதான். டிமாக்கில் தண்ணீர் கெட்ட பிறகு அங்கிருந்த நிலக்காரர்கள் தொழிலாளர்களை எப்படிப் பார்த்தார்கள்? எங்கள் ஊரில் அப்படி ஒன்று நேர்ந்திருந்தால், அந்தச் சீருடையில் வரும் எவரையும் தெருவுக்குள் விட்டிருக்க மாட்டோம்.

சேயர் மருத்துவர்

நல்ல கேள்வி, அம்மா. டிமாக் எங்களுக்கு அடுத்த கவுண்டி. அங்கிருந்து வந்த குடும்பங்களை அறிவேன்.

2009 புத்தாண்டு அன்று அங்கே ஒரு வீட்டின் குடிநீர்க் கிணற்றில் மீத்தேன் சேர்ந்து வெடித்து, கிணற்றின் கான்கிரீட் மூடி சிதறியது. 2010இல் மாநிலச் சுற்றுச்சூழல் துறை அந்தப் பகுதியில் புதிதாகத் துளையிடுவதை நிறுத்திவைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் 19 குடும்பங்களுக்கு 41 லட்சம் டாலர் என்று உடன்பாடு ஏற்பட்டது. குடிநீர்க் குழாய் வேண்டும் என்ற கோரிக்கைக்கு வழி பிறக்க 2022 நவம்பர்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதுதான், அங்கே துளையிட்ட கேபட் நிறுவனத்தின் வழிவந்த கோட்டெரா, நீதிமன்றத்தில் குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடாமல், குழாய்க்காக 1.6 கோடி டாலருக்கு மேல் கொடுக்க ஒப்புக்கொண்டது.

இத்தனை ஆண்டுகளில் அங்கே உடைந்தது நிலக்காரர்களுக்குள் இருந்த உறவுதான். தண்ணீர் கெட்டுவிட்டது என்று வழக்குப் போட்டவர்களை, ஊர்ப் பெயரைக் கெடுக்கிறார்கள், எங்கள் ராயல்டியை நிறுத்தப் பார்க்கிறார்கள் என்று மற்றவர்கள் சாடினார்கள். டிமாக் எங்கள் பெருமை என்ற பலகைகள் வீட்டு வாசல்களில் முளைத்தன. ஒரே தேவாலயத்தில் உட்கார்ந்தவர்கள் இடம் மாறி உட்கார்ந்தார்கள். ஆனால் என்னிடம் பேசியவர்களில், வழக்குப் போட்டவர்கள்கூடத் துளையிட்ட ஆட்களைக் குறை சொல்லிக் கேட்டதில்லை. கிணற்றுக் குழாயைச் சுற்றி ஊற்றும் சிமெண்ட் சரியாக இறங்கவில்லை என்று ஒரு தொழிலாளி தம்மிடம் வந்து வருத்தத்தோடு சொன்னதாக ஒருவர் சொன்னார். அது உண்மையா என்று என்னால் உறுதிப்படுத்த முடியாது, ஆனால் அதைச் சொன்னபோது அவர் குரலில் அந்தத் தொழிலாளியின்மீது நன்றிதான் இருந்தது. கோபமெல்லாம் நிறுவனத்தின்மீதும் பக்கத்து வீட்டார்மீதும்தான்.

2012 ஏப்ரலில் எரிவாயு விலை 2 டாலருக்கும் கீழே போனதும் ரிக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒஹையோவின் யூட்டிகா ஷேல் பகுதிக்கும் டெக்சாசுக்கும் கிளம்பின. வாடகை இறங்கியது. உணவகங்களில் மேசைகள் காலியாயின. அடுத்து வந்த ராயல்டிக் காசோலைகளில் குழாய்ச் செலவு, வாயுவை அழுத்தி அனுப்பும் செலவு என்று கழித்துக்கொண்டே போய், சில மாதங்களில் மிச்சம் எதுவும் இல்லாத நிலையும் வந்தது. அந்தக் கழிவுகளுக்கு 2010இலேயே மாநில உச்ச நீதிமன்றம் இடம் கொடுத்திருந்தது என்பதை நிலச்சட்டம் அவர்கள் நன்கு அறிவார். தங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று குமுறிய அதே முதியவர்கள், வடக்கு டகோட்டாவில் வேலை தேடிப் போன தொழிலாளி எப்படி இருக்கிறானோ என்று கவலைப்பட்டதையும் கேட்டிருக்கிறேன்.

எண்டிகாட்வாசி

மருத்துவர் அவர்கள் எழுதியதைப் படித்த பிறகும் ஓர் ஐயம் மிஞ்சுகிறது. தொழிலாளிமீது கோபம் வராததற்கு அன்பு மட்டும்தான் காரணமா? அவன் போய்விடுவான் என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும். பக்கத்து வீட்டுக்காரரோடு இன்னும் முப்பது ஆண்டுகள் வாழ வேண்டும். சாலையையும் ஓடையையும் அவரோடு பகிர வேண்டும். அவர் கிணற்றுக்கு அனுமதி கொடுத்தால் அதன் விளைவு என் தண்ணீரிலும் வரும். உறவில் பொறுப்பு எவ்வளவோ, அவ்வளவுக்குக் கோபமும் வரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகிறவனிடம் கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? நட்பின் ஆழத்துக்கு இதைச் சான்றாக எடுத்துக்கொள்ளத் தயங்குகிறேன்.

பாறைப்படிவு

தயங்குவது நியாயமே. ஆனால் போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். அந்த ஆண்டுகளில், நன்றி தெரிவிக்கும் நாளுக்கு அடுத்த திங்கட்கிழமை அங்கே மான் வேட்டை தொடங்கியது. பள்ளிக்கூடங்களுக்கே விடுமுறை விட்டார்கள். தம் காட்டில் யார் வேட்டையாடலாம் என்பதை நிலக்காரர் எளிதில் முடிவு செய்வதில்லை. அந்த அனுமதி பெரும்பாலும் உறவினருக்கும் பால்ய நண்பர்களுக்கும் மட்டுமே. நான் வேலை பார்த்த நிலத்தின் முதியவர், எங்கள் குழுவில் இருந்த ஒக்லஹோமாக்காரர் ஒருவருக்கு அந்த அனுமதியைக் கொடுத்தார். அவர் ரிக் போன பிறகும் பல ஆண்டுகள் நவம்பர் இறுதியில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார். அதே காட்டில் ஒருகாலத்தில் வேட்டையாடிய பக்கத்துப் பண்ணைக்காரர், முன்பணத் தகராறுக்குப் பிறகு அங்கே கால் வைக்கவில்லை. ஒக்லஹோமாக்காரர்தான் ஒரு முறை, வேட்டையில் கிடைத்த இறைச்சியில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு தாமாகவே அந்தப் பக்கத்துப் பண்ணைக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். முதியவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. இருவரும் சமாதானமாகிவிட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அடுத்த கோடையில் வைக்கோல் கட்டும் இயந்திரம் பழுதானபோது பக்கத்துப் பண்ணையின் இயந்திரம் வந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

முதியவர் இன்று இல்லை. அவருடைய மகள் அண்மையில் எனக்கு ஒரு கடிதத்தின் படத்தை அனுப்பி, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். பழைய குத்தகையைத் திருத்தி, இன்னும் ஆழத்தில் உள்ள யூட்டிகா படிவத்துக்கும் உறுதிப்பத்திரம் எழுதித் தரும்படி நிறுவனம் கேட்கிறதாம். ஒரு சிறு தொகையும் தருகிறார்களாம். பாறையைப் பற்றி என்னால் சொல்ல முடியும். பத்திரத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நிலச்சட்டம் அவர்கள் வழிகாட்ட முடியுமா?

நிலச்சட்டம்

உடனே கையெழுத்திட வேண்டாம் என்று அந்த அம்மையாரிடம் முதலில் சொல்லுங்கள். டொவாண்டாவில் உள்ள கவுண்டிப் பத்திரப் பதிவகத்துக்குப் போய், தந்தையார் காலத்துக் குத்தகையின் சுருக்கக் குறிப்பையும், அதற்குப் பின் அது எந்த நிறுவனத்துக்கெல்லாம் கைமாறியது என்ற பதிவுகளையும் எடுக்கச் சொல்லுங்கள். மூலப் பத்திரம் வீட்டில் எங்காவது இருக்கும். அதில் ஆழ வரம்பு பற்றிய பிரிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி ஒரு பிரிவு இருந்து, மார்செல்லஸுக்குக் கீழே உள்ள படிவங்கள் ஐந்தாண்டு முடிவில் விடுபட்டிருந்தால், யூட்டிகா இன்று அவர்களுக்கே சொந்தம். புதிய விலையையும் புதிய ராயல்டியையும் செலவுகளைக் கழிக்கக் கூடாது என்ற நிபந்தனையையும் அவர்கள் கேட்கலாம். அப்படி ஒரு பிரிவு இல்லாவிட்டால், நிறுவனம் எதற்காக மீண்டும் கையெழுத்துக் கேட்கிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். தேவையில்லாமல் எந்த நிறுவனமும் பணத்தோடு கடிதம் அனுப்பாது.

நிலப்பத்திரத்தையும் பின்னோக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய விற்பனை ஏதாவது ஒன்றில் 'கனிமங்கள்' நீங்கலாக என்று எழுதியிருந்தால் பயப்பட வேண்டியதில்லை. அந்தப் பொதுச் சொல்லில் எரிவாயு அடங்காது என்ற 1882ஆம் ஆண்டு விதியை மாநில உச்ச நீதிமன்றம் 2013இல் உறுதி செய்திருக்கிறது. எரிவாயு என்று பெயர் சொல்லி நீக்கியிருந்தால் மட்டும் நிலைமை வேறு.

பக்கத்துப் பண்ணைக்கும் இதே கடிதம் வந்திருக்கக்கூடும். இரண்டு குடும்பங்களும் கடிதங்களை ஒரே மேசையில் வைத்துப் பார்த்து, ஒரே வழக்கறிஞரிடம் போவதற்கு இப்போது தடை ஏதும் இல்லை. தொகையை வெளியில் சொல்லக்கூடாது என்ற நிபந்தனை கையெழுத்துப் போட்ட பிறகுதான் கட்டுப்படுத்தும். பத்திரங்கள் கிடைத்ததும் பெயர்களை மறைத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். படித்துப் பார்த்து, எந்தப் பிரிவுகளைப் பற்றி வழக்கறிஞரிடம் கேட்க வேண்டும் என்று குறித்துத் தருகிறேன்.